அக்கா கைக்கு எட்டும் மூலை

மார்ச் 3, செவ்வாய்

இன்று அலமாரிக்குள் மாட்டிக்கொண்டேன். இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

எங்கள் சமையலறை மேடை ‘ட’ எழுத்துப் போலத் திரும்பும். அந்தத் திருப்பத்துக்குக் கீழேதான் மூலை அலமாரி. கதவு என்னவோ புத்தகப் பை நுழையும் அகலம்தான். உள்ளே குகை. அதிலும் பாதிக் குகை பக்கத்து இழுப்பறைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கும். அங்கே போன பாத்திரம் திரும்பி வருவது அதன் இஷ்டம். இன்று குக்கர் மூடி உருண்டு போய்விட்டது. தரையில் படுத்து, தலையையும் ஒரு தோளையும் உள்ளே விட்டு, விரல் நுனியால் மூடியைத் தொட்டும்விட்டேன். வெளியே வரப் பார்த்தால் சட்டை எதிலோ மாட்டிக்கொண்டது.

“அக்கா!” என்று கத்தினேன்.

ஹாலிலிருந்து சக்கர நாற்காலி உருண்டு வரும் சத்தம் கேட்டது. சமையலறை வாசலோடு நின்றுவிட்டது. அதைத் தாண்டி அவள் வருவதில்லை.

“என்னடி பொடி, உள்ளயே குடி போயிட்டியா? வாடகையெல்லாம் பேசிட்டியா?”

பிறகு சிரித்தாள். பக்கவாதம் வந்து, அவளை என் வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு, அவள் வாய்விட்டுச் சிரித்து இன்றுதான் கேட்கிறேன். ஐம்பது வயதைத் தாண்டிய என்னை இன்னும் பொடி என்றுதான் கூப்பிடுகிறாள். கூப்பிடட்டும்.

சட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தேன். பழைய சட்டைதான்.

மார்ச் 5, வியாழன்

அக்கா மகன் போன் செய்தான். தங்கமான பையன், குறை சொல்ல முடியாது.

“நல்ல இடம் சித்தி. தோட்டம் இருக்கு, நர்ஸ் எப்பவும் இருக்காங்க. எங்க வீட்டுக்கும் பக்கம். மே மாசம் ஒரு ரூம் காலியாகுதாம்.”

முதியோர் இல்லம் என்ற சொல்லை அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ‘இடம்’. அக்காவிடம் போனைக் கொடுத்தேன். “சரிப்பா” என்றாள். வேண்டாத வீட்டில் காபி வேண்டுமா என்று கேட்டால் சொல்லும் ‘சரி’.

இவள் யார் என்று எனக்கு நானே எழுதி வைத்துக்கொள்கிறேன். கல்லூரி விடுதிச் சமையலறையை ஒற்றை ஆளாக ஆட்டிப்படைத்தவள். அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று அவள் ஒரு அதட்டல் போட்டால் வெளியே வரிசையில் நிற்கிற பிள்ளைகளும் சேர்ந்து நிமிர்ந்து நிற்பார்களாம். இப்போது இடது கை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, இடது கால் பாதி கேட்கிறது. கைத்தடியோடு கொஞ்ச தூரம் நடப்பாள், மற்ற நேரம் நாற்காலி. ஜனவரியில் ஒரு நாள், நான் வேலைக்குப் போயிருந்தபோது, சமைக்கலாம் என்று உள்ளே போயிருக்கிறாள். அந்த மூலையிலிருந்து ஒரு சட்டியை இழுத்திருக்கிறாள். மேலே அடுக்கியிருந்ததெல்லாம் மடியில் சரிந்துவிட்டது. நான் சாயங்காலம் வரும்வரை பாத்திரங்களுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அன்றோடு வாசல் தாண்டுவது நின்றது.

நான் சமைப்பதைச் சாப்பிடுகிறாள். ஒன்றும் சொல்வதில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. என் சமையலைச் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருக்கிற அக்கா, என் அக்காவே இல்லை.

மார்ச் 8, ஞாயிறு

முடிவு செய்துவிட்டேன். அந்த மூலையை மாற்றப்போகிறேன். என் கையால்.

ஆசாரி ஒருவரிடம் கேட்டேன். ஜூனில் வருகிறேன் என்றார். ஜூனில் அவள் தோட்டமும் நர்சும் இருக்கிற இடத்தில் இருப்பாள்.

வீடியோ ஒன்று பார்த்தேன். ஒரு ஆள் சிரித்துக்கொண்டே இதே மாதிரி அலமாரிக்குள் வட்டமான சுழல் தட்டு ஒன்றை மாட்டுகிறான். தட்டைச் சுற்றினால் பின்னால் இருப்பது முன்னால் வந்துவிடுகிறது. அதோடு பக்கத்து இழுப்பறைச் சட்டத்தில் ஒரு பலகையும் பொருத்திவிட்டால், பலகையை இழுத்துவிட்டு அக்கா உட்கார்ந்தபடியே காய் நறுக்கலாம். சட்டைகூடக் கசங்காமல் முடித்துவிட்டான் அந்த ஆள். எனக்கென்ன, நானும் கையால் வேலை செய்கிறவள்தான். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது என் வேலை. மயிரிழை பிசகினால் வாடிக்கையாளருக்குத் தலைவலி வரும். அலமாரி என்ன பெரிய அலமாரி?

அக்காவிடம், “அந்த மூலை எனக்குத் தொல்லையா இருக்கு, சரி பண்ணப்போறேன்” என்று மட்டும் சொன்னேன்.

“நீயா?” என்றாள். ஒரே சொல். அதிலேயே எல்லாம் இருந்தது.

மார்ச் 10, செவ்வாய்

வேலை முடிந்து ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கல்லாவில் ஒரு அம்மா. காதில் பென்சில், தலைக்கு மேல் தொங்கும் வாளிகள்.

“ஸ்க்ரூ வேணும்” என்றேன்.

“எதுக்கு?”

“அலமாரிக்கு.”

“அது சரி. மரமா, பிளைவுட்டா, அழுத்தின தூளா?”

எத்தனையோ வருஷமாகத் தினமும் திறந்து மூடுகிற அலமாரி. அது எதனால் செய்தது என்று தெரியவில்லை. கட்டிக்கொண்டவன் பெயரைக் கேட்டு முழித்த மாதிரி முழித்தேன். வீட்டுக்கு வந்து, கதவின் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்து, அந்தம்மாவுக்குப் போன் செய்து “பிளைவுட்” என்றேன். தேர்வில் தேறியது மாதிரி இருந்தது.

மார்ச் 14, சனி

மூலையைக் காலி செய்தேன். கிடைத்தவை: பாத்திரமே இல்லாத மூடிகள், மூடியே இல்லாத டப்பாக்கள், தொலைந்துபோனதாக நினைத்துப் புதிதாக வாங்கிவிட்ட இரண்டு கரண்டிகள், என்ன பொடி என்றே தெரியாத ஒரு பொடி. அதை முகர்ந்து பார்த்துவிட்டு நெடுநேரம் தும்மினேன்.

கதவைக் கழற்ற அரை நாள். ஸ்க்ரூக்களில் ஒன்று கழல மறுத்துத் தலை தேய்ந்து மொழுமொழுவென்று ஆகிவிட்டது. திட்டினேன், கெஞ்சினேன். கடைசியில் ரப்பர் பட்டையைத் தலையில் வைத்து அழுத்தித் திருகியதும் பூப்போல வந்தது. வீடியோ ஆள் இதைச் சொல்லித்தரவில்லை. நானே கண்டுபிடித்ததாக வைத்துக்கொள்கிறேன்.

அக்கா ஹாலில் டிவி பார்த்தபடி இருந்தாள். டிவியில் சத்தமே இல்லை. நான் திட்டுவதைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

மார்ச் 15, ஞாயிறு

எப்படி எழுதுவேன் இதை.

உள்ளே அகலம் அளந்தேன், ஆழம் அளந்தேன், நடுத்தட்டின் உயரம் அளந்தேன். எல்லாவற்றையும் இரண்டு முறை. அந்த அளவுக்கு வட்டமாகப் பலகை அறுத்து வாங்கி வந்தேன், அடியில் குண்டு உருளும் சுழல் தகடோடு. அழகான தட்டு. தரையில் வைத்துச் சுற்றிப் பார்த்தேன். ராட்டினம் மாதிரி சுற்றியது.

அலமாரிக்குள் வைக்கப் போனேன். வாசலில் இடித்தது. சாய்த்தேன், இடித்தது. நிமிர்த்தினேன், இடித்தது. உள்ளே எவ்வளவு இடம் என்று அளந்தேனே தவிர, வாசல் எவ்வளவு என்று அளக்கவே இல்லை.

சமையலறை வாசலிலிருந்து அக்காவின் குரல்: “கண்ணு ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு அளந்து சம்பளம் வாங்கறவ!”

சமையலறைத் தரையில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தேன். வேறு என்ன செய்வது.

மார்ச் 16, திங்கள்

தட்டு ஹாலில் சுவரில் சாய்ந்து நிற்கிறது. போகும்போதும் வரும்போதும் என்னைப் பார்க்கிறது.

மார்ச் 18, புதன்

சாப்பிடும்போது அக்கா பேச்சுவாக்கில் சொன்னாள்.

“ஹாஸ்டல்ல ஒரு தடவை பெரிய கேக் ஒண்ணு செஞ்சோம். அது சாப்பாட்டு ஹால் வாசலுக்குள்ள போகல.”

“அப்புறம்?”

“வெட்டி உள்ள கொண்டுபோய் சேத்தோம். மேல க்ரீம் தடவிட்டா ஒட்டு யாருக்குத் தெரியும்?”

சாப்பாட்டைப் பார்த்தபடியே சொன்னாள். நான் தட்டைப் பார்த்தேன், சுவரில் சாய்ந்திருக்கிற தட்டை. பிறகு அக்கா, பருப்பில் உப்பு கம்மி என்றாள்.

உப்பு கம்மி என்றாள்!

மார்ச் 22, ஞாயிறு

தட்டை இரண்டாக அறுத்தேன். ரம்பம் போன வழி கோணல். வளைந்து போய் ஆறு மாதிரி ஒரு கோடு. ஆனால் இரண்டு பாதியும் ஒரே கோணல் என்பதால் சேர்த்தால் கச்சிதமாகச் சேர்ந்தது. இது யாருக்கும் தெரிய வேண்டாம்.

அடுத்த சிக்கல், உள்ளே இருட்டு. ஒரு கையில் பாதித் தட்டு, ஒரு கையில் ஸ்க்ரூ டிரைவர், டார்ச்சை எங்கே பிடிப்பது? வாயில் கவ்விப் பார்த்தேன். எச்சில் வழிந்தது.

“அக்கா, கொஞ்சம் டார்ச் பிடிக்கறியா?” கேட்டபிறகுதான் என்ன கேட்டேன் என்று உறைத்தது.

அவள் வாசலில் இருந்தாள். நாற்காலி நகரவில்லை. நான் தலையை அலமாரிக்குள் வைத்துக்கொண்டு அவளைப் பார்க்காமலே இருந்தேன். பார்த்தால் போய்விடுவாள் என்று தோன்றியது. பிறகு சக்கரம் வாசற்படிச் சட்டத்தில் ஏறி இறங்கும் ‘டொக்’ கேட்டது.

வெளிச்சம் வந்தது.

“கீழ பாரு. அங்க இல்லடி, இடது பக்கம். ஸ்க்ரூ சாஞ்சு போகுது பாரு. எடு. திரும்பப் போடு. உன்னை யாரு வேலைக்கு வெச்சா?”

இரண்டு பாதியையும் உள்ளே சேர்த்து, அடியில் குறுக்குச் சட்டம் வைத்து முடுக்கினேன். சுழல் தகட்டின் மேல் உட்கார வைத்தேன். அக்கா வலது கையை நீட்டி ஒரு தள்ளு தள்ளினாள். சுற்றியது. மறுபடி தள்ளினாள். காலித் தட்டை எத்தனை முறைதான் சுற்றினாளோ.

மார்ச் 28, சனி

இழுப்பலகை வேலை. மேல் இழுப்பறையின் பெட்டியைக் கழற்றிவிட்டு, அதன் தண்டவாளத்திலேயே ஒரு தடித்த பலகையை ஓடவிடுவது திட்டம். வெளியே இழுத்தால் அக்காவின் மடிக்கு மேலே வந்து நிற்கும்.

டிரில் போடும்போது தடுப்புப் பலகையைத் தாண்டி அந்தப் பக்கமும் போய்விட்டது. அந்தப் பக்கம் மாவுப் பை. டிரில்லை வெளியே இழுத்ததும் ஓட்டை வழியாக மெல்லிய மாவு அருவி. அதை அடைக்க வழி தெரியாமல் டிரில்லைத் திரும்ப உள்ளே விட்டேன். அது இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

கண்ணாடி, புருவம், காது மடிப்பு, எங்கும் மாவு. அக்கா என்னைப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்: “எண்ணெய் காயட்டும், அப்புறம் போடறேன்.”

மார்ச் 29, ஞாயிறு

பலகை தயார் என்று நினைத்தேன். அக்காவை உட்கார வைத்து, வெங்காயம், கத்தி, கிண்ணத்தில் தண்ணீர், எல்லாம் வைத்து, “இழு” என்றேன். இழுத்தாள்.

பலகை நிற்கவில்லை. தண்டவாளத்தின் முடிவில் தடுப்புக் கட்டை வைக்க மறந்திருக்கிறேன். பலகை முழுசாக வெளியே வந்து அவள் முழங்காலில் விழுந்தது. தண்ணீர், வெங்காயம் எல்லாம் மடியில். நல்லவேளை, கத்தி அந்தப் பக்கம் போய் விழுந்தது.

அவள் நனைந்த மடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஜனவரியில் அந்தச் சாயங்காலம் பார்த்த அதே முகம்.

“உனக்கு விளையாட நான்தான் கிடைச்சேனா?”

“அக்கா, தடுப்பு வெக்க மறந்துட்டேன். இப்பவே…”

“எதுக்கு இதெல்லாம்? நான் போகக் கூடாதுன்னுதானே? எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? மூலை தொல்லையாம். இத்தனை வருஷம் இல்லாத தொல்லை!”

நாற்காலியைத் திருப்பினாள். சக்கரம் சட்டத்தில் மோதிப் பின்வாங்கி மறுபடி மோதித்தான் தாண்டியது. உதவப் போனேன். “தொடாதே” என்றாள்.

மார்ச் 30, திங்கள்

ஆமா, போகக் கூடாதுன்னுதான். அதுல என்ன தப்பு? எனக்கு யார் இருக்கா? காலைல எழுந்தா அடுத்த ரூம்ல இருமற சத்தம் கேக்குது, அது நல்லா இருக்கு. இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால அலமாரி செஞ்சேன். அதையும் ஒழுங்கா செய்யத் தெரியல.

அக்காவின் முழங்காலில் நீலமாகக் கன்றிப் போயிருக்கிறது. தைலம் தடவினேன். மறுக்கவில்லை. முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மார்ச் 31, செவ்வாய்

வேலையிலிருந்து வந்தேன். சமையலறையில் பலகை கிடந்த இடத்தில் இல்லை. மேடையோரம் சாய்த்து வைத்திருந்தது. அதன் மேல் பென்சிலால் ஒரு கோடு. கோட்டுக்குப் பக்கத்தில் கோணல்மாணலாக ஒரு கட்டளை: ‘இங்கே நிக்கணும்’. ஓரத்தில் இரண்டு புள்ளிகள்: ‘இங்கே ஆணி. கூர் மேலே.’

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் எழுதவில்லை.

“ஆணி எதுக்கு?” என்று ஹாலைப் பார்த்துக் கேட்டேன்.

“ஒரு கையால வெங்காயத்தைப் பிடிச்சுக்கிட்டு அதே கையால வெட்ட முடியுமா? ஆணில குத்தி வெச்சா அது ஓடாது. இது கூடத் தெரியல.”

கோபம் இன்னும் இருந்தது குரலில். ஆனால் எனக்கு விசில் அடிக்க வேண்டும் போல இருந்தது. அடித்தேன். காற்றுதான் வந்தது.

ஏப்ரல் 3, வெள்ளி

துருப்பிடிக்காத ஆணி கேட்டேன். கடைக்காரம்மா, “அலமாரிக்கா?” என்றார். “வெங்காயத்துக்கு” என்றேன். காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 5, ஞாயிறு

தடுப்புக் கட்டை இரண்டு பக்கமும் வைத்தேன். ஆணி வைத்தேன். முதலில் நானே உட்கார்ந்து, பலகை மேல் இரண்டு கையையும் ஊன்றி, என் முழு எடையையும் போட்டுப் பார்த்தேன். நின்றது. ‘இங்கே நிக்கணும்’ என்று அவள் எழுதிய இடத்திலேயே நின்றது.

அக்கா வந்தாள். ‘டொக்.’ பலகையை இழுத்தாள், மெதுவாக. நின்றதும் அதை ஒரு தட்டு தட்டினாள், மாட்டைத் தட்டுவது போல. வெங்காயத்தை ஆணியில் குத்தினாள். கத்தியை எடுத்தாள்.

ஒரு வெங்காயம் நறுக்க இவ்வளவு நேரமா என்று வேறு யாராவது கேட்டிருப்பார்கள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். துண்டுகள் பெரிதும் சிறிதுமாக வந்தன. அவள் முகம் சுளித்தாள். “ஹாஸ்டல்ல இப்படி வெட்டினா வேலையை விட்டு அனுப்பியிருப்பேன்” என்றாள். அடுத்த வெங்காயத்தைக் குத்தினாள்.

அக்கா போட்ட ஆம்லெட் சாப்பிட்டோம். என் வீட்டு முட்டை, என் வீட்டு உப்பு, என் வீட்டு அடுப்பு. எனக்கு ஏன் இந்த ருசி வருவதில்லை?

இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். வெங்காயம் என்று இரண்டு பேரும் சொல்லிக்கொண்டோம்.

ஏப்ரல் 11, சனி

என் சமையலறை பறிபோய்விட்டது. சுழல் தட்டில் எது எங்கே என்று அக்கா முடிவு செய்துவிட்டாள். நான் ஒரு டப்பாவை இடம் மாற்றி வைத்தால் ஹாலிலிருந்தே தெரிந்துவிடுகிறது. எப்படி என்று தெரியவில்லை.

“மிளகு எங்க வெச்சே?”

“அங்கதான்.”

“அங்க இல்ல. சீரகத்துக்குப் பக்கத்துல வெச்சிருக்கே. சத்தத்துலயே தெரியுது.”

மின்னடுப்பு ஒன்றை வாங்கித் தாழ்வான மேசையில் வைத்திருக்கிறோம், அவள் சொன்ன உயரத்தில். அடுப்பு அவள் வலப்பக்கம், மூலை இடப்பக்கம், பலகை நடுவில். நாற்காலியை அரை வட்டம் திருப்பினால் சமையல் முடிந்துவிடுகிறது. சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே வாசனை வருகிறது. என் சமையலைப் பற்றி இப்போது விடாமல் குறை சொல்கிறாள். நான் சமைப்பதே இல்லை, ஆனாலும் சொல்கிறாள். பழைய சமையலையெல்லாம் ஞாபகம் வைத்திருக்கிறாள் பாவி.

ஒரு கிலோ ஏறியிருக்கிறேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

அக்கா மகன் வந்தான், இல்லத்தைப் பற்றிப் பேச. கையெழுத்துப் போட ஏதோ கொண்டு வந்திருந்தான். அக்கா எங்கள் இருவரையும் வெளியே விரட்டினாள்.

“ரெண்டு பேரும் காத்தாட நடந்துட்டு வாங்க. நான் கூப்பிடற வரைக்கும் வரக் கூடாது.”

“அம்மா, தனியா…”

“போடா.”

தெருவை எத்தனை சுற்றுச் சுற்றினோமோ. அவன் போனைப் பார்த்துக்கொண்டே நடந்தான். நான் வீட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். புகை வந்தால் ஓடலாம் என்று. வரவில்லை.

போன் அடித்தது. மேசையில் சோறு, பருப்பு, பொரித்த மீன், கீரை, பாயசம் மாதிரி ஏதோ ஒரு இனிப்பு. அக்கா உடை மாற்றித் தலை வாரி உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் மட்டும் கொஞ்சம் மாவு.

அவன் மீனைப் பிட்டு வாயில் வைத்தான். பிறகு எழுந்து சமையலறைக்குள் போனான். பலகையை இழுத்து உள்ளே தள்ளுகிற சத்தம், தட்டு சுற்றுகிற சத்தம். திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றான்.

“நீங்களா சித்தி செஞ்சீங்க?”

“ரெண்டு பேரும்” என்றேன்.

அக்கா சொன்னாள்: “அந்த ரூமை வேற யாருக்காவது குடுத்துடச் சொல்லுப்பா. நான் வரல.”

மேசைக்கு அடியில் கையைத் தட்டிக்கொண்டேன்.

“என் வீட்டுக்கே போறேன். பூட்டிக் கிடக்கு. அங்கயும் ஒரு மூலை அலமாரி இருக்கு. பொடி வந்து சரி பண்ணிக் குடுப்பா.”

சாப்பாடு ருசியாகத்தான் இருந்தது. சாப்பிட்டேன்.

ஏப்ரல் 20, திங்கள்

இவ இங்க இருக்கணும்னு நான் அலமாரி செஞ்சேன். அதை வெச்சே இவ கிளம்பறா. நல்லா இருக்குடி கதை.

லென்ஸ் ஒன்றை உடைத்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில்கூட உடைத்ததில்லை.

ஏப்ரல் 22, புதன்

பேசினோம். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் பலகையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு பேசுவதுதான் எங்கள் இருவருக்கும் சௌகரியம்.

“கோவமா?”

“இல்ல.”

“தேய்க்கற சத்தத்துலயே தெரியுது. அந்தச் சட்டிக்கு ஓட்டை போட்டுடாதே.”

தண்ணீரை மூடினேன். “இங்க என்ன குறைச்சல் உனக்கு?” என்றேன்.

“ஒரு குறைச்சலும் இல்ல. அதான்.” இரண்டு தண்டைக் கிள்ளிப் போட்டாள். “கேளுடி. ராத்திரி நான் இருமினா நீ எழுந்து வந்து நிக்கறே. தெரியாத மாதிரி நானும் கண்ணை மூடிக்கறேன். நான் பாத்ரூம் போனா வெளிய நீ செருப்பு தேடற மாதிரி நிக்கறே. எத்தனை செருப்புடி இருக்கு உங்கிட்ட? இப்படியே இருந்தா நான் நோயாளியாவே இருப்பேன். நீ நர்சாவே இருப்பே. எனக்கு என் தங்கச்சி வேணும். ஞாயித்துக்கிழமை வந்து, சாப்பிட்டு, என்னைத் திட்டிட்டுப் போற தங்கச்சி.”

தேய்த்த சட்டியையே மறுபடி தேய்த்தேன்.

“விழுந்துட்டா?” என்றேன் கடைசியில்.

“விழுந்தா எழுந்திரிக்கப் பாப்பேன். முடியலன்னா போன் பண்ணுவேன். இங்க மட்டும் விழமாட்டேனா?”

அவள் இருமுவது எனக்குத் துணை என்று சொன்னேன். எப்படியோ சொல்லிவிட்டேன். அவள் திரும்பிப் பார்த்தாள். கீரைக் கட்டால் என் முதுகில் ஒரு அடி போட்டாள்.

“இருமி ரெக்கார்டு பண்ணி அனுப்பறேன்” என்றாள்.

ஏப்ரல் 26, ஞாயிறு

மகன் ஒத்துக்கொண்டான், நிபந்தனைகளோடு. கழுத்தில் மாட்டும் அவசர பட்டன். காலையில் ஒரு போன், சாயங்காலம் ஒரு போன். குளியலறையில் கைப்பிடி. பெருக்கித் துடைக்க ஒரு அம்மா வருவார். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பட்டன் மட்டும் பார்க்க மாட்டு மணி மாதிரி இருக்கிறது என்றாள்.

கைப்பிடி நான் மாட்டுகிறேன் என்றேன். மகன் என்னைப் பார்த்தான். “சுவத்துக்கு வேற ஸ்க்ரூ, வேற டிரில் பிட்டு. தெரியும்” என்றேன்.

மே 10, ஞாயிறு

அக்கா வீட்டுச் சமையலறையில் முழு நாள். அங்கே மூலை எங்கள் வீட்டுக்கு நேர் எதிர்ப்பக்கம். எல்லாமே கண்ணாடியில் பார்ப்பது மாதிரித் தலைகீழ். இடது என்று எழுதி வலது பக்கம் ஓட்டை போட்டேன். அந்த ஓட்டையில் இப்போது கரண்டி தொங்கவிட ஒரு கொக்கி. அப்படித்தான் திட்டமிட்டேன் என்று யார் கேட்டாலும் சொல்வேன்.

அக்கா டார்ச் பிடித்தாள். என் வேலையில் இன்று அவள் கண்டுபிடித்த குறைகள் குறைவு. உடம்பு சரியில்லையா என்று கேட்டேன்.

மே 17, ஞாயிறு

போய்விட்டாள். நாற்காலி, கைத்தடி, இரண்டு பெட்டி. மகனின் கார் தெருமுனை திரும்பும்வரை நின்றேன்.

வீடு அமைதியாக இருக்கிறது. மிளகை எடுத்துச் சீரகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஹாலிலிருந்து யாரும் ஒன்றும் சொல்லவில்லை. திரும்ப எடுத்து அதன் இடத்தில் வைத்தேன்.

மே 20, புதன்

காலையில் போனில் ஒரு குரல் பதிவு வந்தது. திறந்தேன். இருமல். நீளமாக, நாடகத்தனமாக, நடுவில் ஒரு சிரிப்போடு.

பஸ்ஸில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ஜூன் 7, ஞாயிறு

அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. போனவுடன் கழுவுவதற்கு ஏதாவது இருக்கிறதா என்று சமையலறைக்குள் எட்டிப் பார்த்தேன். “வெளிய வா. விருந்தாளி மாதிரி நடந்துக்கோ” என்றாள்.

மேசையில் உட்கார்ந்தேன். எனக்குப் பரிமாறினாள். ஒவ்வொரு கிண்ணமாக, மடியில் ஒரு தட்டில் வைத்து, நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து. மூன்று நடை. நான் கையை மடியில் கட்டிக்கொண்டிருந்தேன். கஷ்டமாகத்தான் இருந்தது.

பாதிச் சாப்பாட்டில் வாசல் மணி அடித்தது. நான் எழுந்தேன்.

“உக்காரு.”

உட்கார்ந்தேன். அவள் நாற்காலியை விட்டு எழுந்து கைத்தடியை எடுத்துக்கொண்டாள். இன்று நடந்தே போக வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ. தடி, கால், இழுபடும் கால். தடி, கால், இழுபடும் கால். மறுபடி மணி அடித்தது. “வரேன், வரேன், கதவு எங்கயும் ஓடிடாது!” அந்தக் குரலுக்கு நானே நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

தாழ்ப்பாள் திறக்கும் சத்தம். கீழ்வீட்டுப் பெண். இடுப்பில் குழந்தை, கையில் காலிக் கிண்ணம். திடீரென்று ஆள் வந்துவிட்டார்களாம், டீத்தூள் தீர்ந்துவிட்டதாம். தயங்கித் தயங்கிப் பேசினாள். அக்காவின் தடியைப் பார்த்துவிட்டு, “ஐயோ, நீங்க உக்காருங்க, எங்க இருக்குன்னு சொன்னா நானே எடுத்துக்கறேன்” என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள், நான் ஏன் எழுந்திருக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது போல.

“நீ குழந்தையைப் பிடி” என்றாள் அக்கா. “எங்க இருக்குன்னு எனக்குத்தான் தெரியும்.”

கிண்ணத்தை வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். நான் இன்னொரு கவளம் சாப்பிட்டேன்.